சாவியைக் கையில் கொடுத்தேன்

நல்ல நாற்காலி இது. நான்கு கால்களும் தரையில் ஒழுங்காக நிற்கின்றன, சாய்ந்தால் முதுகு வலிக்கவில்லை. உங்களுடையதுதான் லேசாக ஆடுகிறது. நீங்கள் எழுதும்போதெல்லாம் அந்த ஆட்டம் மேசைக்கு ஏறி, மேசையிலிருந்து என் முழங்கைக்கு வருகிறது. பின்னங்கால் திருகை முடுக்கச் சொல்லுங்கள்.

கேள்விகளை எழுதிக் காட்டுவதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன், ஆனால் உங்கள் மீசை இடைஞ்சல். என் மைத்துனன் இறந்த வழக்கில் என்னை அன்றைக்கே அனுப்பிவிட்டீர்கள். எனக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்னதும், "பாவம், மனுஷனுக்கு எதுவும் கேட்டிருக்காது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்கள். அதை மட்டும் மீசையையும் மீறிப் படித்துவிட்டேன். இப்போது அந்த வண்டிக்குச் சக்கரம் மாட்டிய மெக்கானிக்கைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகுட்டிக்காரர். அவரை நினைத்துத்தான் நானே திரும்பி வந்தேன்.

நான் கார்களைக் குறை சொல்லிப் பிழைப்பவன். போட்டி போடும் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பயணத்தில் எது சுகம், சத்தத்தில் எது கம்பீரம், கட்டுமானத்தில் எது கெட்டி என்று மோட்டார் பத்திரிகையில் தீர்ப்பு எழுதுவேன். வாசகர்கள் எனக்கு வைத்த பெயர் காதுக்காரர். உறுமலைக் கேட்டே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவேன் என்று பேசிக்கொள்வார்கள். மிகையில்லை, சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காதுதான் போனது. முதலில் போனது இண்டிகேட்டரின் டிக் டிக். ஒருநாள் அதை அணைக்காமலே வீடுவரை ஓட்டி வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன் பேசாமல் கையை நீட்டி அணைத்தான். அவனும் அதே பத்திரிகைதான், நான்தான் சேர்த்துவிட்டேன். அன்றைக்கே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆசிரியரிடம் மூச்சுவிடவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு வண்டிகளையும் ஓட்டி முடித்ததும் என் முகத்துக்கு நேரே நின்று, எதன் சத்தம் எப்படி இருந்தது என்று பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொல்வான். நான் அதை அழகாக எழுதிக்கொள்வேன். தங்கமான பையன். இதை நான் மறுக்கவே மாட்டேன்.

அன்று ஒரு சிவப்பு வண்டி, ஒரு நீல வண்டி. இரண்டும் இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, விலையிலும் வேகத்திலும் ஒன்றுக்கொன்று சளைக்காதவை. பிரேக்கைப் படம் எடுப்பதற்காக மெக்கானிக் சிவப்பு வண்டியின் முன்சக்கரங்களைக் கழற்றி மாட்டினார். இடது சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டு, எழுந்து போய்விட்டு வந்தார். அந்த நட்டுகளைக் கையால் திருப்பியதோடு விட்டுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அது அவர் தப்பு. ஆனால் கொலை இல்லை.

கிளம்பும்போதுதான் மைத்துனன் என் தோளைத் தொட்டான். முகம் வாடியிருந்தது.

"மாமா, இந்தத் தடவை சத்தத்தைப் பத்தி மட்டும் நான் எழுதட்டுமா? உங்க பேர்லயே போட்டுக்கலாம்."

என் பேரில். கேட்கிற காது அவனுடையது, எழுதுகிற கை அவனுடையது, பேர் மட்டும் எனக்குப் பிச்சை. நான் கோபப்படவில்லை. சரிப்பா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மலை ஏறும்போது ஆளுக்கொரு வண்டி, இறங்கும்போது மாற்றிக்கொள்வோம். இரண்டு பேரும் இரண்டையும் ஓட்டி முடிக்கும்வரை ஒருவர் அபிப்பிராயம் மற்றவர் காதில் விழக்கூடாது. அதனால் உச்சியில் வாயே திறக்க மாட்டோம். வண்டி நன்றாக இருந்தால் சாவியைக் கையில் கொடுப்போம். பழுது இருந்தால் சாவியை பானெட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பானெட்டில் சாவி கிடக்கிற வண்டியை யாரும் தொடுவதில்லை. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்.

சிவப்பை நான் ஏற்றிக்கொண்டு போனேன். இருக்கை விறைப்பு, சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் இடுப்பில் வந்து சொல்லும். ஆனால் ஸ்டியரிங் சொல்பேச்சு கேட்கிற வண்டி. காது போனபிறகு எனக்கு உள்ளங்கையும் பாதமும்தான் காது. ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது இடது பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு தட்டல் என் கைக்கு வந்தது. அடுத்த வளைவில் கொஞ்சம் பெரிதாக வந்தது. சக்கரம் லூசாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெதுவாக ஓட்டி மேலே போய்ச் சேர்ந்தேன்.

அவன் நீல வண்டியின் சாவியை என் கையில் கொடுத்தான். நான் சிவப்பு வண்டியின் சாவியை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு ஒரு நொடி என்னையே பார்த்தான். காலையில் சொன்னதற்கு நான் வருத்தப்படுகிறேனோ என்று பார்த்திருப்பான். ஒன்றுமில்லை, போ என்பதுபோல நான் தலையை ஆட்டினேன்.

நான் பின்னாலேயே இறங்கினேன். நீலத்தைக் குறை சொல்ல முடியாது. பள்ளம் மேடு எதையும் உள்ளே விடாது, கதவோரத்தில் விரல் ஓட்டினால் ஒரு பிசிறு இல்லை. அதன் உறுமல் ஸ்பீக்கரில் போட்டுக்காட்டுகிற உறுமல் என்று எங்கோ படித்திருந்தேன். எனக்கென்ன, இரண்டும் ஒன்றுதான். முன்னால் சிவப்பு வேகம் எடுத்தது. இடது சக்கரம் லேசாகத் தள்ளாட ஆரம்பித்ததைப் பார்த்தேன். அவனுக்கு நல்ல காதுதான், ஆனால் சிவப்பின் இரைச்சலில் அந்தத் தட்டல் கேட்டிருக்காது. ஹாரன் அடித்தேன் என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஹாரன் அடித்தால் உள்ளங்கையில் ஓர் அதிர்வு வரும். அது வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சக்கரம் தனியாக உருண்டு போனது. வண்டி தடுப்புச் சுவரைத் தாண்டியது. நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னான் என்று படிக்க முடியவில்லை, வாயெல்லாம் ரத்தம். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் சிவப்பின் கதவு ஒரே இழுப்பில் திறந்தது. கட்டுமானத்தில் சிவப்புக்கே என் ஓட்டு.

என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி, அவள் தூக்கி வளர்த்தவன். நேற்று சமையலறையில் என்னை உட்கார வைத்து, முகத்தை என் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"உங்க மேல தப்பில்ல. உங்களுக்குத்தான் கேக்காதே. கேட்டிருந்தா அவன போக விட்டிருப்பீங்களா?"

சொல்லிவிட்டு என் கையைத் தடவிக்கொடுத்தாள். என்னால் அந்தக் கையை விலக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வாசலுக்கு வந்த ஆசிரியரும் அதே பார்வைதான் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவனுக்காக அழுதுவிட்டு, எனக்காக உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். பழுதான வண்டியில் உட்கார்ந்து ஓட்டியும் ஒன்றும் தெரியாமல் இறங்கி வந்த கிழவனாம் நான்.

மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். என் மீது எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவியிடம் என்ன சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பழுது எனக்கு முதல் தட்டலிலேயே தெரியும்.