அப்பாவுக்கு நான்தான் காது

உங்கள் முன்னறை மின்விசிறி இப்போது கடகடவென்று சத்தம் போடவில்லை. பழுது பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது, டாக்டர். போன முறை அப்பாவைக் கூட்டி வந்தபோது அந்தச் சத்தம் அவருடைய காது இயந்திரத்தில் ஏறி அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதனால்தான் அதைக் கழற்றி என் பையில் போட்டேன். அப்போது வேறு எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

நேற்று மருந்துக்கடை வாசலில் வாயை மூடியிருந்த துண்டு நழுவியபோது அவரைப் பார்த்துத் திகைத்து நின்றீர்கள். "இரண்டைத் தவிர எல்லாம் நல்ல பல் என்றுதானே சொன்னேன், ஒன்றுகூட இல்லையே?" என்று கேட்டீர்கள். தெருவில் பேச வேண்டாம் என்று நான்தான் இன்று வருவதாகச் சொன்னேன். அப்பா வெளியே உட்கார்ந்திருக்கிறார். கதவு திறந்தே இருக்கட்டும், அவருக்குக் கேட்காது.

அம்மா போனதிலிருந்து அவருக்கு நான்தான் காது. யார் எது சொன்னாலும் என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றாங்க?" என்பார். நான் வாயை நன்றாகத் திறந்து திருப்பிச் சொல்வேன். என் உதடு மட்டும்தான் அவருக்குப் பிடிபடும். நடுவில் எனக்கு ஒரு நல்ல வேலை வந்தது, ஒரு வரனும் வந்தது. இரண்டையும் வேண்டாமென்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு எதிர்வீட்டு மாடிக்குத் தையல்காரம்மா குடிவந்தார். அப்பா சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படியொரு பல்வரிசை. அந்த அம்மா அதில்தான் மயங்கினாராம். கூச்சநாச்சமில்லாமல் அப்பாவே என்னிடம் சொன்னார். எழுபது வயதில் தலைக்குச் சாயம், சட்டைக்கு இஸ்திரி. அந்த அம்மா பேசும்போது மட்டும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார். என் பக்கம் திரும்பவே மாட்டார். ஒருநாள், "நாங்க சேர்ந்து இருக்கலாம்னு இருக்கோம்மா. நீயும் இனிமே உன் வாழ்க்கையைப் பாரு" என்றார். எந்த வாழ்க்கை என்று நான் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பாடு போட்டேன்.

அந்த அம்மாவிடம் வீரம் காட்டப் போய், சோடா மூடியைப் பல்லால் திறந்தார். ஒரு பல் பிளந்தது, பக்கத்துப் பல் ஆடியது. தெருமுனைப் பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, ஈறு கெட்டுவிட்டது, மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு முழு செட் கட்டிவிடலாம் என்றார். வயதானவர் வாய் எதுவானாலும் அவருக்கு அதே வைத்தியம்தான். அப்பா ஒப்பவில்லை. "இன்னொருத்தர்கிட்டயும் காட்டிடலாம்மா. என் பல்லைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். அப்படித்தான் உங்களிடம் வந்தோம்.

நீங்கள் நிதானமாகப் பார்த்தீர்கள். முகமூடியைக் கழற்றாமலே எனக்கு விளக்கினீர்கள். இரண்டு விரலைக் காட்டி, இவை மட்டும் போகட்டும், ஈறைச் சுத்தம் செய்தால் மற்றதெல்லாம் கடைசிவரை நிற்கும் என்றீர்கள். உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது அப்பா கேட்டார்: "ரெண்டுன்னு காட்டினாங்களே, என்னம்மா சொல்றாங்க?"

"எல்லாத்தையும் எடுக்கணுமாம்ப்பா. ஒரே தடவையில தாங்காதாம், ரெண்டு தடவையா எடுக்கணுமாம்."

அவ்வளவு எளிதாக வந்தது எனக்கே வியப்பாக இருந்தது. அப்பா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "ரெண்டு டாக்டரும் ஒண்ணையே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் தோளைப் பிடித்து எழுந்தார்.

தெருமுனை டாக்டர் பிடுங்கும்போது அப்பா கையை நான் விடவே இல்லை. தட்டில் விழுந்தவற்றைப் பார்த்தேன். வேரெல்லாம் உறுதியாக இருந்தது. நீங்கள் சொன்னது சரிதான், டாக்டர்.

ஈறு ஆறியதும் பல்செட் வந்தது. ஓரம் குத்தி ரத்தம் கசிந்தது. கொண்டுவாருங்கள், கொஞ்சம் ராவினால் சரியாகிவிடும் என்றார் தெருமுனை டாக்டர். பழகத்தான் வேணுமாம் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அவரும் பழகிப் பார்த்தார். பிறகு அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, யார் வந்தாலும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

தையல்காரம்மாவே ஒருநாள் இறங்கி வந்தார். வாசலில் நின்று, "பல்லு போனா போகட்டும். எனக்கு அந்த மனுஷன்தான் வேணும். அவர்கிட்ட சொல்லும்மா" என்று அழுதார். நல்ல மனுஷிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அப்பா உள்ளே துண்டோடு நின்று என்னையே பார்த்தார். இயந்திரத்தில் பேட்டரி தீர்ந்திருந்தது. புதியது என் பையில் இருந்தது.

"என்னம்மா சொல்றாங்க?"

"பார்க்கவே பாவமா இருக்காம்ப்பா. இனிமே வர மாட்டாங்களாம்."

அப்பா தலையாட்டினார். திரும்பி உள்ளே போனார். அவர் போனதே பதில் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். அடுத்த மாதம் மாடி காலியானது.

உங்கள் பார்வை மாறுகிறது. வெளியே போய் அவரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், முகமூடியைக்கூடக் கழற்றிக்கொள்ளுங்கள். எழுதிக் காட்டலாம் என்றால், காது இயந்திரத்தோடு அவருடைய மூக்குக் கண்ணாடியும் என் பையில்தான் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அவர் என் பக்கம்தான் திரும்புவார், என்னம்மா சொல்றாங்க என்று கேட்பார். நான் பக்குவமாகச் சொல்வேன். அவர் மனம் தாங்காத எதையும் இதுவரை நான் அவரிடம் சொன்னதில்லை.