கதவு பூட்டியிருந்தது

கடைக்காரர்: …கறுப்பு அட்டை தீர்ந்துபோச்சு தங்கச்சி. கருநீலம் போடவா? தூரத்துலேருந்து பாத்தா கறுப்புதான்.

மகள்: பல்கலைக்கழகத்துல கிட்டத்துல வச்சுதான் பாப்பாங்கண்ணா. கறுப்புன்னு விதி இருக்கு.

கடைக்காரர்: விதி அட்டைக்கு மட்டும்தான். உள்ள என்ன எழுதியிருக்குன்னு எந்த வாத்தியாரும் பாக்கமாட்டாங்க. இருபது வருஷமா தீசிஸ் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?

மகள்: என்னோடதைப் பாப்பாங்க. பாக்க வைப்பேன். அஞ்சு படி, அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணும். இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்.

கடைக்காரர்: பிரிண்டு ஓடிக்கிட்டிருக்கு. உட்காருங்க.

அப்பா: பாப்பா…

மகள்: அப்பா? நீங்க எங்க இங்க? ஆபீஸ்ல இல்லையா?

அப்பா: அரைநாள் லீவு.

மகள்: நீங்களா? நான் பொறந்தப்பகூட லீவு போடலைன்னு அம்மா இன்னும் உங்களைத் திட்டுது!

அப்பா: தைச்சாச்சா?

மகள்: இன்னும் இல்லை. ஏன், முதல் படி உங்களுக்கு வேணுமா?

அப்பா: அந்த நாலாவது அத்தியாயத்தை எடுத்துடு.

மகள்: எதை?

அப்பா: நாலாவது.

மகள்: நீங்க… அதைப் படிச்சீங்களா?

அப்பா: மேசை மேல வச்சுட்டுப் போனியே. மூணு நாளா படிச்சேன். பாதி வார்த்தை புரியலை. நாலாவது புரிஞ்சுச்சு.

மகள்: மத்ததெல்லாம் ஊரான் எழுதினதைப் பாத்து நான் எழுதினதுப்பா. அது ஒண்ணுதான் என்னோடது. அதை எடுத்தா மிச்சம் இருக்கிறது வெறும் அட்டை.

அப்பா: வேற ஏதாவது எழுதிச் சேத்துடேன். உனக்கென்ன, சரசரன்னு எழுதுவே.

மகள்: அஞ்சு மணிக்குள்ளயா? சனி ஞாயிறுன்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதையே ரெண்டு வருஷமா மறந்துட்டேன். பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன். முதல் பரீட்சையில முதல் கேள்வி என்ன தெரியுமா? நல்ல நிர்வாகத்தின் பண்புகளை விளக்குக, பதினஞ்சு மார்க்கு. எட்டுப் பண்பு எழுதினேன். எட்டுல ஒண்ணைக்கூட நம்ம ஆபீஸ்ல நான் கண்ணால பாத்ததில்லை. பதினாலு மார்க்கு போட்டாங்க!

அப்பா: சத்தம் போடாதே.

மகள்: சலவை சார் அனுப்பினாரா உங்களை?

அப்பா: அப்படிக் கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது. பிரிவு அதிகாரி அவரு.

மகள்: சட்டைதான் சலவை. அனுப்பினாரா இல்லையா?

அப்பா: யாரும் அனுப்பலை.

கடைக்காரர்: தங்கச்சி, ஒண்ணு கேக்கவா? பக்கம் சரியா விழுதான்னு பாத்தேன், கண்ணு அதுலயே நின்னுபோச்சு. ஒரே தெருவுல நாப்பத்தொரு வீடு, நாப்பத்தொண்ணுலயும் கதவு பூட்டியிருந்துச்சா? ஊரே கல்யாணத்துக்குப் போயிருச்சோ?

மகள்: எல்லாரும் வீட்டுலதான் இருந்தாங்க. ரோட்டை அகலப்படுத்தணும்னு அந்த வீடுகளை இடிக்க எங்க ஆபீஸ் முடிவு பண்ணிச்சு. இடிக்கிறதுக்கு முன்னாடி நோட்டீஸ் கையில குடுக்கணும். வாங்கின பதினஞ்சு நாளுக்குள்ள ஆட்சேபணை எழுதிக் குடுத்தா விசாரிக்கணும். கதவு பூட்டியிருந்தா கதவுல ஒட்டிட்டு ரெஜிஸ்டர்ல அப்படியே எழுதலாம். ஒட்டினாலும் குடுத்த மாதிரிதான்.

கடைக்காரர்: அப்ப ஒட்டலையா?

மகள்: குடுக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. ரெஜிஸ்டர்ல மட்டும் நாப்பத்தொரு வரி. ஒரே நாள், ஒரே பேனா. பதினாறாவது நாள் மிஷின் வந்துச்சு.

கடைக்காரர்: அடப்பாவிகளா… இந்த ஒன்பதாம் நம்பர் வீடு போட்டோவுல சாக்குல்ல தொங்குது?

மகள்: ஆமா. அந்த வீட்டுக்குக் கதவே கிடையாது. இடிக்கிறதுக்கு முந்தின வருஷம் அந்த வீட்டுக்காரங்க எடுத்த போட்டோ அது.

கடைக்காரர்: கதவே இல்லாத வீட்டைப் பூட்டிட்டானா! யாரு தங்கச்சி அந்த மகராசன்? அந்தத் தெருப் பக்கம் எட்டிப் பாத்திருந்தாக்கூட இப்படி எழுதமாட்டானே. உட்கார்ந்த இடத்துலேருந்தே பூட்டியிருக்கான். பேரு போடாம வெறும் பட்டுவாடா ஊழியர்னு போட்டிருக்கீங்க…

மகள்: ஆராய்ச்சியில பேரு போடக் கூடாதுண்ணா.

கடைக்காரர்: அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா… பெரியவரே, நீங்க ஏன் நிக்கிறீங்க? ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. வேர்த்துக் கொட்டுதே. இருங்க, தண்ணி எடுத்துட்டு வரேன்.

அப்பா: வேணாம்… நிக்கிறது பழக்கம்தான்.

கடைக்காரர்: அப்ப நான் உள்ள போயி அட்டை தேடறேன்.

மகள்: உட்காருங்கப்பா.

அப்பா: பேரு போடலைன்னா? நம்ம ஆபீஸ்ல பட்டுவாடாவுக்கு எத்தனை பேரு பாப்பா?

மகள்: ரெண்டு பேரு.

அப்பா: இன்னொருத்தன் அந்த மாசம் கால் ஒடிஞ்சு படுத்திருந்தான்.

மகள்: தெரியும்.

அப்பா: என்ன தெரியும்?

மகள்: ரெஜிஸ்டரைத் திறந்த முதல் நிமிஷமே தெரியும். பள்ளிக்கூடத்துல என் நோட்டு அட்டையில எல்லாம் பேரு எழுதிக் குடுத்தது அந்தக் கைதானே. எனக்கா அடையாளம் தெரியாது?

அப்பா: தெரிஞ்சேவா எழுதினே?

மகள்: தெரிஞ்சேதான்.

அப்பா: என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே…

மகள்: கேட்டேனே! சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. அந்தத் தெருவுக்கு நீங்கதானேப்பா போனீங்கன்னு கேட்டேன். தட்டைத் தூக்கிட்டு எழுந்து போயிட்டீங்க. பாதிச் சாப்பாட்டுல. அன்னிக்கு ராத்திரிதான் நாலாவது அத்தியாயத்துக்கு முதல் வரி எழுதினேன்.

அப்பா: எனக்கு ரிட்டயராக இன்னும் பதினோரு மாசம்தான் இருக்கு. பென்ஷன்ல கை வச்சிடுவாங்க.

மகள்: அவங்களுக்கு வீட்டுலயே கை வச்சாச்சு.

அப்பா: பெத்த அப்பன்கிட்ட இப்படிப் பேசறதுக்குத்தான் படிச்சியா?

மகள்: வேற எதுக்குப்பா படிக்கச் சொன்னீங்க? நம்ம வீட்டுல முதல் பட்டதாரின்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே. பட்டதாரின்னா சுவத்துல மாட்டி வைக்கிற போட்டோன்னு நெனச்சீங்களா?

அப்பா: உன் வேலையும் போகும்.

மகள்: போகட்டும்.

அப்பா: சுலபமாச் சொல்றே. உங்க அம்மா…

மகள்: அம்மாவை இழுக்காதீங்க. மூணு நாளா படிச்சீங்க, மூணு நாளும் வாய் திறக்கலை. இன்னிக்கு ஏன் லீவு போட்டுட்டு ஓடி வந்தீங்க? சட்டைப் பையில என்ன அது? அப்போதேலேருந்து அதையே தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க.

அப்பா: ஒண்ணுமில்லை.

மகள்: காட்டுங்க.

அப்பா: காலையில வந்துச்சு. பெரிய ஆபீஸ்லேருந்து விசாரணைக் கடிதம். முப்பத்திரண்டு வருஷம் மத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன். இன்னிக்கு ஒரு பொடிப்பய என்கிட்ட வாங்கிட்டுப் போறான். பேனா ஓடலை. மெதுவாப் போடுங்க சார்ங்கறான். சாராம்…

மகள்: எல்லாத்தையும் படிச்சீங்களா?

அப்பா: அந்தத் தெருக்காரங்க மனு போட்டிருக்காங்க, அதோட நகலும் கூடவே வச்சிருக்காங்க. எங்களுக்கு நோட்டீஸே வரலை, அதனால பதினஞ்சு நாள் கணக்கு எங்களுக்குச் செல்லாது, திரும்ப விசாரிங்கன்னு. பல்கலைக்கழக ஆய்வில் கண்டபடின்னு ஒரு வரி இருக்கு பாரு. அதிகாரிகிட்ட காட்டினேன். அந்த ஆய்வு ஒண்ணுதான் அவங்களுக்குக் கால், அது வராமப் போனா மனு தானா விழுந்துடும்னார்.

மகள்: ஆக, அனுப்பினது அவருதான்.

அப்பா: நானாத்தான் வந்தேன். அனுப்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

மகள்: அந்த மனுவுல அஞ்சாவது வரி என்னப்பா?

அப்பா: எதுக்கு?

மகள்: படிங்க.

அப்பா: பட்டுவாடா செய்த ஊழியரை… நேரில் அழைத்து… குறுக்கு விசாரணை செய்ய வேண்டுகிறோம்.

மகள்: அவங்கள்ல பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. மிச்சப் பேருக்கு ஆபீஸ் பாஷை தெரியாது. யாரு எழுதியிருப்பாங்க அந்த மனுவை?

அப்பா: …நீயா?

மகள்: நான்தான். நாலு ஞாயித்துக்கிழமை அவங்க தகரக் கொட்டகையில உட்கார்ந்து எழுதினேன். அந்த அஞ்சாவது வரியை மூணு தடவை அடிச்சேன். நாலாவது தடவை அடிக்கலை.

அப்பா: சொந்த அப்பனைக் கூண்டுல ஏத்தறதுக்கு உனக்கு யாரு பட்டம் குடுப்பாங்க?

மகள்: நீங்க உள்ளதைச் சொல்லிட்டா, கூண்டுல ஏற வேண்டியது அவரு. ஒரு வார்த்தை போதும். அதிகாரி சொல்லித்தான் எழுதினேன்னு.

அப்பா: அதைச் சொல்ல முடியாது.

மகள்: ஏன்?

அப்பா: முடியாதுன்னா விடேன்.

கடைக்காரர்: கிடைச்சிருச்சு தங்கச்சி! அலமாரிக்கு அடியில கிடந்துச்சு. பக்கமெல்லாம் அடுக்கியாச்சு. தைக்கவா? ஊசி இறங்கிட்டா அப்புறம் ஒரு தாளைக்கூட உருவ முடியாது, இப்பவே சொல்லிட்டேன்.

அப்பா: தம்பி, கொஞ்சம் பொறு.

கடைக்காரர்: பொறுத்தா அஞ்சு மணி ஆயிடுமே பெரியவரே. உங்க பொண்ணா? கைகொடுங்க! இந்தக் காலத்துல இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேணும். உங்க வளர்ப்பு!

அப்பா: பாப்பா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். அடுத்த வருஷம் குடு. நான் வெளிய வந்த பிறகு குடு.

மகள்: அடுத்த வருஷம் அந்த இடத்துல ரோடு இருக்கும்ப்பா. தைங்கண்ணா.

கடைக்காரர்: அஞ்சையுமா?

மகள்: அஞ்சையும்.

அப்பா: …போச்சு.

மகள்: இப்பவாவது சொல்லுங்க. ஏன்ப்பா எழுதினீங்க? மழையில உங்க தலை நனைஞ்சாலும் நோட்டீஸ் கட்டு நனையாது. ஆள் இல்லைன்னா மறுநாள் போவீங்க, அதுக்கும் மறுநாள் போவீங்க. உங்களை மாதிரி இருக்கணும்னுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். எவ்வளவு குடுத்தார்?

அப்பா: பத்துப் பைசா வாங்கலை.

மகள்: மிரட்டினாரா? வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னாரா?

அப்பா: இல்லைம்மா. உட்காருங்கன்னார். முப்பத்திரண்டு வருஷத்துல அவரு ரூம்ல நான் உட்கார்ந்தது அன்னிக்கு ஒரு நாள்தான்.

மகள்: நாற்காலியைக் காட்டினதுக்கா நாப்பத்தொரு வீடு?

அப்பா: வேலையில இருக்கிறவங்க மேல படிக்கணும்னா அவரு அனுமதிக் கடிதம் தரணும்ல… உன் விண்ணப்பம் அஞ்சு மாசமா அவரு மேசையில கிடந்துச்சு. நீ படிப்புல சேரக் கடைசி நாளுக்கு ரெண்டே நாள் பாக்கி. நீ வீட்டுல யாரோடயும் பேசாம, சாப்பிடாம கிடந்தே. அந்தத் தெருவை ரெஜிஸ்டர்ல முடிச்சுக் குடுத்துட்டு, பொண்ணு கடிதத்தை வாங்கிட்டுப் போங்கன்னார். வாங்கிட்டு வந்தேன்.