மாப்பிள்ளைக்கு அரைத்த பொடி

கொத்தமல்லி விதையை நல்ல வெயிலில் காயவைத்துவிட்டால் வறுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நிறையப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வறுத்தால் வாசனை தூக்கும் என்பார்கள். தூக்கும்தான், ஆனால் சீக்கிரம் போய்விடும். வெயிலில் காய்ந்தது மாதக்கணக்கில் நிற்கும். நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று தெரியும், ரேவதி மேடம். ஆனால் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலில் கொத்தமல்லிதான்.

என் பெயர் த்ரிசலா. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ்காரர்கள் பாதிப் பேர் வீட்டில் என் ரசப்பொடிதான் கொதிக்கிறது. போன பொங்கலுக்கு உங்கள் ஸ்டேஷனுக்கும் ஒரு டப்பா வந்தது. ஏட்டய்யாவே வந்து வாங்கிப் போனார். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாங்கள் ஜைனர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் உழுது பிழைத்தவர்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு வீட்டுக்குள் வராது. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. துவரம்பருப்பில் வண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தென்னை மரத்தடியில் விட்டுவிட்டு வந்துதான் மிக்ஸியைத் தொடுவேன். என் கணவர் ஜினதாசன் கிண்டல் செய்வார். "அது திரும்பி வந்து அதே டப்பாவுலதான் ஏறப்போவுது" என்பார். ஏறட்டும், அது அதன் இஷ்டம். என் கையால் ஓர் உயிர் போகக்கூடாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அபிஷேக் மாப்பிள்ளையாக வந்தார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஆட்கள்தான், வந்தவாசிப் பக்கம் பூர்விகம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. என் மகள் பிராமியை நன்றாக வைத்திருந்தார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். தட்டில் சோறு விழுந்ததும் கை வைக்கமாட்டார். கேள்வி கேட்பார்.

"அத்தை, இதுல வேர்க்கடலை இருக்குதா?"

கல்யாணம் முடிந்து முதல் விருந்தில், சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது கேட்டார். வேர்க்கடலை பட்டால் தொண்டை வீங்குமாம். மூச்சு நிற்குமாம். சின்ன வயதில் ஒருமுறை செத்துப் பிழைத்தாராம்.

நீங்களும் இந்த ஊர்தானே, மேடம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மல்லாட்டைக் கொல்லை. நாம் மல்லாட்டை என்று சொல்வது சென்னைக்குப் போனதும் வேர்க்கடலை ஆகி, அதற்கு ஒரு வியாதியும் வந்துவிடுகிறது. மல்லாட்டை ஒத்துக்கொள்ளாத மனிதனை இந்த ஜில்லாவில் நான் பார்த்ததில்லை. அண்ணாமலையாருக்கு நெருப்பு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் நம்புவீர்களா. மண்ணுக்கடியில் விளைகிறதே, இது கிழங்கில் சேருமா என்று என் கணவர் ஒருமுறை சந்தேகம் கிளப்பினார். சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என் இட்லிப்பொடிக்கு அந்த எண்ணெய்ப் பசையும் மணமும் மல்லாட்டையால்தான்.

அடுத்த முறை அவர் வந்தபோது பையில் ஒரு பாக்கெட் இருந்தது. கடையில் வாங்கிய இட்லிப்பொடி. பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எறும்பு சைசில் அச்சடித்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. இதுல எல்லாம் போட்டிருக்கும். படிச்சுப் பாத்துட்டு சாப்டலாம், அதான்."

என் வீட்டில், என் கல்லில் ஆட்டிய மாவில், நான் ஊற்றிய இட்லி. அதன்மேல் ஏதோ ஃபாக்டரித் தூசி. அதில் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள். என் மகள். நான் சிரித்துக்கொண்டேதான் இன்னும் ரெண்டு இட்லி வைத்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வந்திருப்பது பயம். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே இறக்குவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ரசத்தில் ஒரு சிட்டிகை. உதடு அரிக்கிறது என்றார். "கொசு கடிச்சிருக்கும் மாப்ள" என்றேன். அதற்கடுத்த தடவை கூட்டில் கொஞ்சம் ஜாஸ்தி. கண் இரண்டும் அதிரசம் மாதிரி உப்பிக்கொண்டன. டவுனுக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டார்கள்.

என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏன்டி, நீ எதுனா போட்டியா?"

"உப்பு போட்டேன்."

கூட்டுச் சட்டியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு டிவி பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அவரும் தன் தட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். நாற்பது வருஷம் என் கையால் சாப்பிட்ட மனிதர்.

இதற்குப் பிறகு மாப்பிள்ளை பேனா மாதிரி ஓர் ஊசியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பையில் வைத்துக்கொண்டார். தொடையில் குத்தினால் மூச்சு திரும்பி வருமாம். பிராமி அதை எனக்குக் காட்டி விளக்கினாள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

போன பௌர்ணமிக்கு இருவரும் வந்தார்கள். பிராமி முழுகாமல் இருக்கிறாள். அம்மா கைச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டாள். பௌர்ணமியில் வேண்டாம், ரோட்டில் வண்டி போகாது என்று அவள் அப்பா சொன்னார். அன்றைக்கே வரச் சொன்னது நான்தான். மலை எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, ஆனாலும் அன்றைக்கு ஊரே அதைச் சுற்றும். பார்க்க நன்றாக இருக்கும்.

காலையில் இட்லி. மாப்பிள்ளை உட்கார்ந்தார். பாக்கெட்டை எடுக்கவில்லை.

"எங்க மாப்ள உங்க பொடி?"

"எடுத்தாரல அத்தை. குழந்த வரப்போவுது, இன்னும் நமக்குள்ள என்ன பிரிச்சுப் பாக்கறது. உங்க பொடியே வைங்க. வேர்க்கடலை இல்லனு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் எனக்கு."

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மனசு இளகிவிட்டது. ஆனால் பொடி அரைத்தாகிவிட்டது, மேடம். இந்த முறை நிறையவே சேர்த்திருந்தேன். அரைத்த பொடியைக் குப்பையில் கொட்ட முடியுமா.

"வேர்க்கடலையா. அதெல்லாம் எங்க வீட்ல ஏது மாப்ள" என்றேன்.

அது பொய்யில்லை. நான் போட்டது மல்லாட்டை.

பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினேன். அவர் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் அடுத்த ஈடு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிராமி ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்தாள். துணி, சார்ஜர், சீப்பு எல்லாம் விழுந்தன.

"அம்மா, அவரு ஊசி எங்கம்மா? இதுலதானம்மா வச்சிருந்தேன்."

ஊசி ஃப்ரிட்ஜில் இருந்தது. தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பின்னால். மருந்து என்றால் குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்று அவர்கள் வந்து பையை இறக்கியதுமே எடுத்து வைத்திருந்தேன். சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஊசி போட்டிருந்தால் சரியானது ஊசியாலா பழகிப்போனதாலா என்று எப்படித் தெரியும். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். என் மகள் அலமாரி, கட்டிலடி எல்லாம் தேடினாள். நான் அவருக்கு விசிறிக்கொண்டு நின்றேன்.

ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் கூட்டத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வலம் போய்க்கொண்டிருந்த யாரோ நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடினார்கள். பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்களோ, அவர்கள் சுற்றியது பாதியில் போனது.

ஆஸ்பத்திரியில் பிராமி சீட்டு எழுதும் இடத்தில் நின்றதால் டாக்டர் என்னிடம்தான் கேட்டார், என்ன சாப்பிட்டார் என்று. "இட்லி" என்றேன். "தொட்டுக்க?" என்றார். "சட்னி" என்றேன். சட்னி நான் அரைக்கவே இல்லை. ஆனால் பொடியின் பெயரை அங்கே எப்படிச் சொல்வது. சுற்றிலும் என்னைத் தெரிந்தவர்கள். நாளைக்கு யார் என்னிடம் பொடி கேட்பார்கள். டாக்டர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து தலையை ஆட்டினார். பிராமி டாக்டர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

பொடி டப்பாவை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது என் கணவர்தான் என்று தெரியும். கோபம் இல்லை. எதையும் மறுக்கவும் இல்லை. நான்தான் அரைத்தேன், நான்தான் வைத்தேன், ஊசியை ஒளித்தது நான், டாக்டரிடம் மறைத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை தட்டைக் கழுவ எடுத்தேன். ஒரு துளி பொடி மிச்சமில்லை, விரலால் வழித்துச் சாப்பிட்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பார், நாக்கு வீங்கிவிட்டதால் சொல்ல வரவில்லை.