பின்பாதிச் சக்கரவர்த்தி

கூரையில் பனி அள்ளுகிறவனுக்குக் கைக்கு முன் முழங்கால்தான் களைக்கும். பன்னிரண்டு பனிக்காலம் அள்ளியவன் நான். ஆகவே இந்த அறையில் உட்கார்ந்து எழுதக் கிடைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோப்பியும் நல்ல சூடு.

மொழிபெயர்ப்பாளர் எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. என் பெயர் சூசைரட்ணம். மன்னாரில் பேசாலை. ஏழு வயதில் கடலுக்குப் போனவன், பள்ளிக்கூடம் கண்டதில்லை. ஒஸ்லோவுக்கு வந்து, நாற்பத்தேழு வயதில், மகள் எமிலியாவின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தை வைத்து எழுத்துப் படித்தேன். கூத்துப் பாட்டு எழுதிய கொப்பியை நானே வாசிக்க வேண்டும் என்ற ஒரே ஆசை. எழுத்து கோணலாக இருக்கும். சொல்வதில் கோணல் இருக்காது.

உங்களுக்குக் கூத்துத் தெரியாது. எங்கள் கத்தோலிக்கச் சனம் ஆடுகிற பாட்டு நாடகம் அது. உயிர்த்த ஞாயிறு கழிந்து வருகிற சனிக்கிழமை, குரோருட்டில் ஒரு மண்டபம் எடுத்து, வருடாவருடம் நெப்போலியன் கதை ஆடுவோம். பீரங்கிக்காரன் படைத்தலைவனாகி, தன் கையாலேயே தன் தலையில் கிரீடம் வைத்துச் சக்கரவர்த்தியாகி, பனியில் படையைத் தொலைத்து, கடைசியில் ஒரு தீவில் தனியே சாகிற கதை.

எங்கள் வழக்கத்தில் ஒரு ராசாவை இரண்டு பேர் ஆடுவார்கள். ஏறுகிற பாதி ஒருவனுக்கு, இறங்குகிற பாதி இன்னொருவனுக்கு. நடுவில், திரைக்குப் பின்னால், முதல் ராசா கிரீடத்தைக் கழற்றி, சிலுவை போட்டு, இரண்டாவது ராசாவின் கையில் கொடுப்பான். ஏறுகிற பாதி றொனால்டுக்கு. இறங்குகிற பாதி எனக்கு. பதினான்கு வருடம் அப்படி.

நியாயமான பங்குதான். றொனால்ட் குருநகர்க்காரன். நல்ல உயரம், கணீரென்ற குரல். அவன் கிரீடம் சூடும்போது பிள்ளைகள் விசிலடித்துப் படம் எடுப்பார்கள். நான் வரும்போது பாதிச் சனம் ரோல்சும் தேத்தண்ணியும் வாங்கப் போயிருக்கும். மிச்சப் பாதி அழும். எங்களுக்குப் பாட்டுப் பழக்கிய டானியல் அண்ணாவியார் ஒருமுறை என் தோளில் தட்டி, "சூசை, ஏறுறதை ஆரும் ஆடலாம். விழுறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

றொனால்டும் நானும் வேலையிலும் சோடி. பனி கனத்தால் கூரை தாங்காது, மாடிவீட்டுக்காரர் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒருவன் சரிவில் இறங்கி அள்ளுவான். மற்றவன் முகட்டில் குந்தியிருந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பான். கயிற்றின் நுனியைப் புகைபோக்கியில் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டினால் பத்தடிக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும், நேரம் போய்விடும். நாங்கள் கட்டுவதில்லை. வள்ளத்தில் பழகிய கைகள். அவன் "வலி" என்றால் இழுப்பேன், "இளக்கு" என்றால் விடுவேன். பன்னிரண்டு பனிக்காலமும் அந்த இரண்டு சொல்லோடு போனது.

போன வருடம் தை மாதம் கூத்துக் குழு கூடியது. செயலாளர் கரோலினா இங்கே பிறந்த பிள்ளை. "அங்கிள், சின்னாக்கள் கேக்கினம், ஏன் ராசாவுக்கு நடுவிலை முகம் மாறுது எண்டு. ஒருத்தருக்கும் விளங்கேல்லை. இந்த முறை ஒராளே முழுக்கச் செய்யட்டும்" என்றாள். எல்லோரும் றொனால்டைப் பார்த்தார்கள். அண்ணாவியார் தன் சப்பாத்தைப் பார்த்தார். கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டு வந்தேன்.

மாசி பதினோராம் திகதி, காலை பத்து மணி. குரோருட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். சரிவில் நின்றபடி றொனால்ட் கதை கொடுத்தான்.

"மச்சான், கோவமோ?"

"இல்லை."

"நீ படைவீரனா வாவன். ரெண்டு வரிப் பாட்டுக் கிடக்கு. தொப்பியும் தருவினம்."

"பனியிலை திரும்பி வாற கட்டம் கஸ்டம், றொனால்ட்."

"விழுறதிலை என்னடாப்பா கஸ்டம்? முழங்காலிலை நிண்டு மூக்கைச் சிந்தினாச் சரி. இஞ்சை பார்."

அள்ளுகிற சவளைப் பனியில் குத்திவிட்டு, கூரை ஓரத்தில் முழங்காலில் நின்று, என் பாட்டைப் பாடிக் காட்டினான். வெற்றிப் பாட்டைப் பாடுவதுபோலப் பாடினான். தலை குனிந்தது, கழுத்துக் குனியவில்லை. பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவனுக்காகத்தான் வெட்கப்பட்டேன். முந்நூறு பேருக்கு முன்னால் இப்படித்தானே நிற்கப் போகிறான்.

கைகளை விரிப்பதற்காக, "கொஞ்சம் இளக்கு" என்றான். நான் இளக்கினேன்.

கொஞ்சம் என்று அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கயிறு முழுவதும் என் கையுறைக்குள்ளால் ஓடி முடிய நாலு விநாடி எடுத்தது. அதில் எந்த இடத்திலும் நான் பிடித்திருக்கலாம்.

"கை விறைத்துப் போனது" என்று அன்று சொன்னேன். உங்கள் பொலிஸ் ஆட்கள் நம்பினார்கள். அவன் மனைவி மரியரஞ்சனி அதற்கு முன்னமே நம்பிவிட்டாள். கரோலினா எனக்கு ஆறுதல் சொல்லக் கோழிச் சூப் கொண்டுவந்தாள். றொனால்டுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

பங்குக்காகச் செய்தேன் என்று நினைப்பீர்கள். கேளுங்கள். அந்த வருடம் கூத்து நடக்கவில்லை. அடுத்த வருடத்துக்கு முழு ராசாவையும் குழு எனக்கே தந்தது. நான் மறுத்தேன். பழையபடி இரண்டு பேர் ஆடட்டும், பின்பாதி றொனால்டுக்கு, சக்கர நாற்காலியில், என்று ஒற்றைக்காலில் நின்றேன். பங்குக்கு ஆசைப்பட்டவன் அப்படிச் செய்வானா?

ஆஸ்பத்திரியால் அவன் வந்த பிறகு, வெஸ்ட்லியில் அவன் வீட்டுக்குப் பத்து மாதம், கிழமைக்கு மூன்று பின்னேரம் போனேன். தூக்கி நாற்காலியில் இருத்தினேன். பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். வாய் திறக்கமாட்டேன் என்று அடம் பிடித்தான். ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

"என்னைச் சாக விட்டிருக்கலாமடா, சூசை."

"இந்தக் குரல்தான்," என்றேன். "இதிலையே பாடு."

பாடினான்.

இந்தச் சித்திரையில் ஆடினோம். முதற்பாதி நான். கிரீடத்தை என் கையாலேயே சூடினேன், விசிலும் வந்தது. பிறகு திரைக்குப் பின்னால் சிலுவை போட்டு, கிரீடத்தை அவன் மடியில் வைத்தேன். மரியரஞ்சனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். தேத்தண்ணிக்கு ஒருவரும் எழும்பவில்லை. பனிக்கட்டத்தில் அவன் கழுத்து தானாகவே குனிந்தது. மண்டபத்தில் ஒரு பிள்ளைகூட இருமவில்லை. பதினான்கு வருடம் நான் எட்டிப் பார்த்த இடத்துக்கு அவன் இருந்த இருப்பிலேயே போய்விட்டான். பக்கத்திரைக்குள் நின்று வரிவரியாகப் பார்த்தேன். ஒரு வரியிலும் பிழை இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது சொல்லிக் கொடுத்தபடி இருந்தது.

முடிந்ததும் டானியல் அண்ணாவியார் மேடையேறி அவனைக் கட்டிப்பிடித்தார். "இது பழக்கி வாற குரல் இல்லை. ஆண்டவர் குடுத்தது" என்றார். றொனால்ட் ஒலிவாங்கியை வாங்கி, "ஓம் அண்ணாவி. எல்லாத்துக்கும் ஆண்டவருக்குத்தான் நன்றி" என்றான். சனம் எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்திரைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் உங்களிடம் வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்தான் என்று எழுதிவிடாதீர்கள். செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பாவசங்கீர்த்தனம் என்றால் சுவாமியாரிடம் போயிருப்பேன், அவர் வெளியே சொல்லமாட்டார். ஒருவன் செய்த வேலையை இன்னொருவர் பெயரில் போடக்கூடாது, அவ்வளவுதான். அந்த நாலு விநாடியும் இந்தப் பத்து மாதமும் என்னுடையவை. அதில் ஆண்டவர் கை வைக்கவில்லை.

தண்டனையைப் பற்றி நான் பேரம் பேசவில்லை. கேட்பது ஒன்றுதான். இந்தத் தாளின் படியொன்றை றொனால்டிடம் கொடுங்கள். யாருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியட்டும்.