தங்கைக்காகப் பேசியவள்

எனக்கு வெந்நீர் போதும். டீ குடித்தால் சாயங்காலம் வரை நெஞ்சு எரிகிறது. மொழிபெயர்க்க ஒருவரை வரவழைத்திருக்கிறீர்கள். அவர் வெளியே உட்கார்ந்திருக்கட்டும். எட்டு வருஷமாக மற்றவர்களுக்காக உங்கள் மொழியில் பேசிக்கொண்டிருப்பவள் நான். எனக்காக இன்னொருவர் பேசினால் நன்றாக இருக்காது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களுக்காகப் பேச யாரும் இல்லை. என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் பாதி லிஃப்டைத் திட்டுவதாக இருக்கும். நான் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். நர்ஸுகள் பேசுவதைக் காதில் வாங்கி வந்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பேன். மூன்று வருஷத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்து நோயாளி யார் வந்தாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு டாக்டர் பக்கத்தில் போய் நிற்பேன். அந்த ஐந்து நிமிஷமும் டாக்டர், நோயாளி இரண்டு பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தங்கையை வரவழைத்ததும் நான்தான். அவள், மாப்பிள்ளை, ஐந்து வயது மகள். விமான நிலையத்துக்கு மூன்று கம்பளிக் கோட்டோடு போனேன். குழந்தைக்கு வாங்கியது பெரிதாகிவிட்டது. நடக்கும்போது கை வெளியே தெரியவில்லை. அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் அவர்களுக்கு இரண்டு அறை பிடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை சொல்லிவைத்தேன். முதல் வருஷம் முழுக்கத் தங்கச்சி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் பண்ணுவாள். "அக்கா, உப்பு எங்க இருக்குன்னு கேக்கணும். கொஞ்சம் சொல்லேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கடைக்காரர் காதில் வைத்துவிடுவாள். நான் ஆஸ்பத்திரி நடையில் வாளியோடு நின்று உப்புக் கேட்பேன். வேலை நேரத்தில் இப்படி உயிரை வாங்குகிறாளே என்று அலுத்துக்கொள்வேன். போன் வராத நாளில், அது கெட்டுப்போய்விட்டதோ என்று எடுத்துப் பார்ப்பேன்.

இரண்டாவது வருஷம் அவள் நூலகத்தில் மொழி வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். என்னிடம் சொல்லாமல் இல்லை, சொல்லிவிட்டுத்தான் போனாள். நாலைந்து மாதம் கழித்து அதே கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் அவளோடு என்னவோ பேசிச் சிரித்தார். அவளும் பதிலுக்குச் சொன்னாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "உன் தங்கை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாள். உனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று?" என்று கேட்டார். நான் உப்புப் பாக்கெட்டைக் கூடையில் போட்டேன்.

சிட்டு உங்கள் மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசியே பழகியவள். ஒருநாள் வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாய் ஒழுகுவதைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, "பெரியம்மா, அது அப்படி இல்ல. நாக்க மடிக்கக் கூடாது" என்று என்னைத் திருத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் இருந்த எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு என் இடம் வேண்டியிருந்தது.

மூன்றாவது வருஷம் துணி தைத்துத் திருத்தும் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. யார் சிபாரிசும் இல்லாமல் தானாகவே போய்க் கேட்டிருக்கிறாள். ஆறே மாதத்தில் ஊரின் மறுகோடியில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டார்கள். அதைச் சொல்ல வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எவ்வளவு தொந்தரவு குடுத்துட்டோம்க்கா. இனிமே எங்கள நாங்களே பாத்துக்கறோம். நீ நிம்மதியா இரு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

வீடு மாறுவதற்கு முன்னால் தங்கைக்குப் பித்தப்பையில் இருந்த கல்லை எடுத்துவிடலாம் என்று முடிவானது. பயப்படும்படியான ஆபரேஷன் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஏழு வயதில் காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, உதடு நீலமாகி, மூச்சு நின்று பிழைத்தாள். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடினேன். இந்த மருந்து இவளுக்கு ஆகாது என்று அந்த டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள்.

"இத நானே காட்டிடவா?" என்று அன்று காலையில் கேட்டாள்.

"கடைப் பேச்சு வேற, ஆஸ்பத்திரிப் பேச்சு வேற. குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அறையில் நாங்கள் நான்கு பேர். நர்ஸ், தங்கை, நான். சிட்டு மூலையில் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியே ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்கும். வேண்டாம், அக்கா போதும் என்று தங்கை கையெழுத்துப் போட்டிருந்தாள். நர்ஸுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். அவள் வேகமாகப் பேசுகிறவள், தங்கைக்குப் பாதிகூடப் பிடிபடாது. ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டாள்.

நான் தங்கையிடம், "பயமா இருக்கான்னு கேக்கறாங்க" என்றேன்.

"பயமெல்லாம் இல்ல. அந்த ஊசி மட்டுந்தான். சொல்லுக்கா."

நான் நர்ஸ் பக்கம் திரும்பி, அப்படி ஒன்றும் இல்லை, கொஞ்சம் பயப்படுகிறாள் என்றேன். நர்ஸ் தங்கையின் கையைத் தட்டிக் கொடுத்துச் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள்.

"சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன்."

சிட்டு வண்ணம் தீட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, அம்மா ஊசின்னு..." என்று ஆரம்பித்தாள். பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசக் கூடாது என்றேன். சொன்னால் கேட்கிற பிள்ளை. தங்கை நன்றாக வளர்த்திருந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாகப் போடும் ஊசியைப் போட்டார்கள். அது என்ன ஊசி என்று அந்த வார்டில் பதினோரு வருஷம் துடைத்தவளுக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. முக்கால் மணி நேரம் போராடினார்கள். பிறகு டாக்டர் வெளியே வந்தார். அவர் சொன்னதை மாப்பிள்ளைக்குச் சொன்னதும் நான்தான். அதில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை.

மாப்பிள்ளை விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர். அதனால் சிட்டு எங்களோடு இருந்தாள். ஒன்பது மாதம் தலை வாரிவிட்டேன், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் என்னோடு எங்கள் மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடு என்றால்கூட உங்கள் மொழியில்தான் பதில் வரும், நாக்கை மடிக்காமல். போன வாரம் டீச்சரிடம் அந்த அறையில் கேட்டதை இரண்டு மொழியிலும் சொல்லியிருக்கிறாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். தங்கை சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. முகம் வீங்கி இரண்டு வாரம் படுப்பாள், வீடு மாறுவது தள்ளிப்போகும், டாக்டரிடம் பேச மறுபடி என்னைக் கூப்பிடுவாள் என்றுதான் நினைத்தேன். கூடப்பிறந்தவளுக்கு அதற்கு மேல் யாராவது நினைப்பார்களா?

நீங்கள் காட்டும் ரசீது என்னுடையதுதான். சின்னக் கட்டில், மெத்தை, பறவைப் படம் போட்ட போர்வை. தேதியும் சரிதான், ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால். கட்டில் வீட்டுக்கு வந்து சேரவே மூன்று நாள் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். தாயில்லாத பிள்ளையை முதல் ராத்திரியே தரையிலா படுக்கவைக்க முடியும்?