மூச்சுப் பைப்

— நிப்பாட்டவா மிஸ், இல்லாட்டி இந்தக் கொங்கிரீட்ட இன்னும் உடைக்கவா? அலவாங்குக் கம்பியால குத்தினா டொங்கு டொங்குண்டு கேக்குது. இந்தா, வட்டமாக் கல்லுக்கட்டும் தெரியுது. இது மண்ணப் போட்டு மூடின கெணறு. மண்ணு கீழ எறங்கீக்கி.

— கிணறோ? எங்கட வாசல்லயோ? மஹ்ரூப் நானா, நான் கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்து இவ்வளவு காலம், ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!

— செல்லாமத்தான் மூடீக்காங்க. கொங்கிரீட்டுட தடிப்பப் பாருங்க. கார் ஏறி எறங்க இதுல கால்வாசி போதும். ஊட்டுல லொறியா வெச்சீந்தாங்க?

— லொறியோ! எங்களுக்கு ஒருநாளும் கார் கூட இருக்கேல்லை. மாமா இண்டைக்கும் பஸ்ஸிலதான் போறவர்.

— கார் இல்லாத ஊட்டுக்கு என்னத்துக்கு இப்பிடி ஒரு கொங்கிரீட்?

— அதைக் கேட்டா மாமா எழும்பி அறைக்குள்ள போயிடுவார். எனக்கு அந்தக் கதை தேவையில்லை நானா. மழை பெய்தா ரோட்டுத் தண்ணி முழுக்க வீட்டு ஹோலுக்குள்ள வருது. சுவரெல்லாம் ஊறிப்போச்சு. அந்த ஈரத்திலதான் யதுஷாவுக்கு இழுப்பு வாறதெண்டு டொக்டர் சொன்னவர். ஒரே பிள்ளை. இண்டைக்கும் அறைக்குள்ள இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். அவள் மூச்சுக்குப் படுற பாட்டை இனியும் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது. இதைக் கிளப்பிப்போட்டு புல்லு வைக்கிற ஓட்டைக் கல்லைப் பதியுங்கோ. தண்ணி நிலத்துக்குள்ள போகட்டும்.

— நாகேந்திரம் சேர் எங்க?

— மாமாவோ? கோயிலுக்குப் போயிட்டார். அவர் இல்லாத நேரம் பாத்துத்தான் உங்களைக் கூப்பிட்டனான்.

— செரி, தள்ளி நில்லுங்க... ஆ! இந்தா, பைப் ஒண்டு. கெணத்த மூடினா அது மூச்சு விட ஒரு பைப் வெக்கணும் மிஸ். மேசன் பாஸ்மாருக்கெல்லாம் தெரியும். இவங்களும் வெச்சீக்காங்க. ஆனா வாயில சீமெந்து அடச்சீக்கி. அல்லாஹ்வே, இத அடைக்கலாமா?

— அடைச்சா என்ன?

— ஊட்டுல ஈக்கிற ஆருக்காச்சும் மூச்சு முட்டும். எங்கட வாப்பா செல்லுவாரு.

— நானா... யதுஷாவின்ர அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தவ. ஜெயமதி. எங்கட பிள்ளையின்ர வயசில, இழுப்பு வந்துதான் செத்தவ.

— பாத்தீங்களா? கொங்கிரீட்டப் போட்டாங்க, அந்தப் புள்ள போச்சு. இப்ப ஒங்கட புள்ள.

— திறவுங்கோ. இப்பவே திறவுங்கோ நானா!

— கொஞ்சம் பொறுங்க, தட்டி எடுக்கணும்... வந்துட்டு. ஷ்ஷ்... கேக்குதா?

— கேக்குது. ஆரோ மூச்செடுக்கிற மாதிரி.

— கைய வெச்சுப் பாருங்க.

— ஐயோ, என்ன குளிர்! கையை உள்ளுக்க இழுக்குது.

— எவ்ளோ காலமா அடபட்டுக் கெடந்தது, இழுக்கத்தானே செய்யும். தூசெல்லாம் உள்ளுக்கே போகுது பாருங்க. ஆனா... ஒண்டும் வெளிய வருதில்லியே.

— பொறுங்கோ. வீட்டுக்குள்ள சத்தம் நிண்டிட்டுது!

— என்ன சத்தம்?

— பிள்ளையின்ர இழுப்பு. காலமையிலயிருந்து விசில் அடிச்ச மாதிரி ரோட்டுக்கே கேட்டது. இப்ப இல்லை! பைப்பைத் திறந்ததும் நிண்டிட்டுது. நீங்கள் நல்லாயிருப்பீங்கள் நானா, எனக்கு அழுகையா வருது.

— அல்ஹம்துலில்லாஹ். அங்க பாருங்க, கேட்டுக்கிட்ட சேர் வந்து நிக்காரு.

— மாமா, கோவிக்காதேங்கோ. உங்களைக் கேக்காமக் கொங்கிரீட்டை உடைச்சுப்போட்டம்.

— கொங்கிரீட் கிடக்கட்டும், மேனுகா. ஆர் அந்தப் பைப்பைத் திறந்தது?

— நாந்தான் சேர். மூச்சு விட வெச்ச பைப்ப ஆரோ தெரியாத்தனமா அடச்சீக்காங்க. அதாலதான் ஒங்கட மகளும்...

— தெரியாத்தனமாவோ? என்ர கையாலதான் அடைச்சனான். ஜெயமதி போனது பைப் திறந்து கிடந்த நேரம். அவள் போனபிறகுதான் சீமெந்தும் கொங்கிரீட்டும், மிச்சமிருந்த மகனையெண்டாலும் காப்பாத்த.

— அப்பிடிக் கதைக்காதேங்கோ மாமா. காதைக் குடுத்துக் கேளுங்கோ. யதுஷாவுக்கு இழுப்பு நிண்டிட்டுது. ஒரு சத்தமும் இல்லை.

— ஜெயமதிக்கும் முதல்ல இழுப்புத்தான் நிண்டது, பிள்ளை.