துரைசாணி வீட்டு இத்தாலி

அபிசீனியாவில் இத்தாலி சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். டுரியான் துங்காலிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் என் முன்னால் இரண்டு பெண்கள்.

"எனக்கு இத்தாலி பாஷை வரும்க்கா" என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரித்தாள். "எங்க கத்துக்கிட்ட?"

"நான் ஆயா வேலை பாக்குற வீட்டுல. துரை வெள்ளைக்காரரு, துரைசாணி இத்தாலிக்காரி. ரொட்டி, தண்ணின்னு ஆரம்பிச்சு, பேப்பர்ல வர்ற சண்டைச் சேதி வரைக்கும் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க தம்பி பட்டாளத்துல இருந்தாரு."

"இருந்தாரா?"

"நேத்துக் காலையில தந்தி வந்துச்சு. படிச்சுட்டு 'மோர்த்தோ'ன்னாங்க. செத்துட்டாருன்னு அர்த்தம். துரை ஆபீஸ் போயிட்டாரு. நான்தான் புடிச்சு உக்கார வச்சேன்."

"இன்னைக்கு உனக்கு லீவாச்சே, வரச் சொன்னாங்களா?"

"இல்லக்கா, நானாத்தான் போறேன். அவங்க பாஷையில பேச அங்க வேற யாரு இருக்கா?"